மைக்ராஸ்கோப் லென்ஸில் எழுதியிருப்பது என்ன? வாங்கும் முன் படியுங்கள்

கம்ப்யூட்டருக்கு ராம் வாங்கும்போது என்ன செய்கிறோம்? டிடிஆர்3-யா, டிடிஆர்4-ஆ என்று பார்க்கிறோம். மதர்போர்டில் எது பொருந்தும் என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கொடுக்கிறோம். மைக்ராஸ்கோப்புக்கு லென்ஸ் வாங்கும்போது மட்டும் "40 எக்ஸ் கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறோம். பொருந்தாத ராம் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. பொருந்தாத லென்ஸ் பல சமயம் அழகாகத் திருகிக்கொள்ளும். படம் மட்டும் தெளிவாக வராது. எங்கே கோளாறு என்றே தெரியாமல் கேமராவை மாற்றுவோம், டிரைவரை மாற்றுவோம், சாப்ட்வேரை மாற்றுவோம்.

இப்போது யுஎஸ்பி கேமராவை மைக்ராஸ்கோப்பில் செருகி மானிட்டரில் பார்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலையாகிவிட்டது. நான் இருப்பது கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில். காபியும் மிளகும் இங்கே முக்கியமான பயிர்கள். காபி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் தூள் கண்டால் அது துரு நோயா என்று சீக்கிரம் தெரிய வேண்டும். தெரிந்தால் போர்டோ கலவை அடிக்கலாம். தாமதமானால் இலை கொட்டும், அடுத்த வருட மகசூல் போகும். அதற்காகத்தான் எங்கள் பக்கத்தில் சிலர் பழைய மைக்ராஸ்கோப்பை வாங்கி கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கிறார்கள். பொருந்தாத லென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, காரவள்ளி தாண்டி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போக வேண்டும். ஆகவே வாங்கும் முன்பே லென்ஸின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு லென்ஸைக் கையில் எடுங்கள்

ஸ்லைடுக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸுக்கு அப்ஜெக்டிவ் என்று பெயர். கண் வைத்துப் பார்க்கும் பக்கம் இருப்பது ஐபீஸ். நாம் பேசப்போவது அப்ஜெக்டிவைப் பற்றி. பள்ளிகளிலும் சிறிய லேப்களிலும் உள்ள அப்ஜெக்டிவின் பித்தளைக் குழாயில் பெரும்பாலும் இரண்டு வரிகள் இருக்கும்.

முதல் வரி: 40/0.65
இரண்டாவது வரி: 160/0.17

இதற்கு மேலோ கீழோ ஒரு வண்ண வளையமும், பிளான், ஆயில் போன்ற ஒரு சொல்லும் இருக்கலாம். இந்த நான்கு எண்களும் ஒரு வளையமும்தான் அந்த லென்ஸின் ஜாதகம்.

முதல் எண்: உருப்பெருக்கம்

40 என்றால் அந்த லென்ஸ் பொருளை 40 மடங்கு பெரிதாக்கி உள்ளே ஒரு பிம்பம் தருகிறது. அதை 10 எக்ஸ் ஐபீஸில் பார்த்தால் 40×10, அதாவது 400 மடங்கு.

எண் தேய்ந்து போயிருந்தால் வண்ண வளையத்தைப் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகள் ஒரே முறையைப் பின்பற்றுகின்றன.

சிவப்பு: 4 அல்லது 5
மஞ்சள்: 10
பச்சை: 16 அல்லது 20
வெளிர் நீலம்: 40 அல்லது 50
அடர் நீலம்: 60 அல்லது 63
வெள்ளை: 100

லென்ஸின் முனைக்கு அருகில் இன்னொரு மெல்லிய வளையம் இருந்தால் அது வேறு விஷயம். கறுப்பு என்றால் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய லென்ஸ். வெள்ளை என்றால் தண்ணீர். ஆரஞ்சு என்றால் கிளிசரின். மிகப் பழைய லென்ஸ்களில் இந்த வண்ணங்களை நம்ப வேண்டாம். எழுத்தை மட்டும் நம்புங்கள்.

இரண்டாவது எண்: இதுதான் உண்மையான சக்தி

0.65 என்பது நியூமரிகல் அப்பர்ச்சர். சுருக்கமாக என்.ஏ. என்பார்கள். பொருளிலிருந்து வரும் ஒளியை லென்ஸ் எவ்வளவு அகலமான கூம்பாக வாங்கிக்கொள்கிறது என்பதன் அளவு இது. ஜெர்மனியில் ஜேனா நகரில் கார்ல் சைஸ் தொழிற்சாலைக்காக வேலை செய்த எர்ன்ஸ்ட் அபே என்ற இயற்பியலாளர் 1873-ல் இதற்கான அடிப்படையை வெளியிட்டார். ஒரு மைக்ராஸ்கோப் எவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் என்பதை முடிவு செய்வது உருப்பெருக்கம் அல்ல, இந்த எண்தான்.

கணக்கு சுலபம். 0.61-ஐ ஒளியின் அலைநீளத்தால் பெருக்கி, என்.ஏ.யால் வகுக்க வேண்டும். பச்சை ஒளிக்கு அலைநீளம் 0.55 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரிய அவற்றுக்கிடையே குறைந்தது இவ்வளவு தூரம் இருக்க வேண்டும்:

4/0.10 லென்ஸில் சுமார் 3.4 மைக்ரான்
10/0.25 லென்ஸில் சுமார் 1.3 மைக்ரான்
40/0.65 லென்ஸில் சுமார் 0.5 மைக்ரான்
100/1.25 ஆயில் லென்ஸில் சுமார் 0.27 மைக்ரான்

இதைக் காபித் துருவோடு வைத்துப் பாருங்கள். இந்த நோயை உண்டாக்கும் பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர். 1869-ல் இலங்கையிலிருந்து வந்த இலைகளைப் பார்த்து பெர்க்லி, புரூம் என்ற இருவர் வைத்த பெயர் இது. ஹெமிலியா என்றால் பாதி வழவழப்பு என்று பொருள். இதன் வித்து சுமார் 30 மைக்ரான் நீளம், சிறுநீரக வடிவம். ஒரு பக்கம் முள் முள்ளாக இருக்கும், மறுபக்கம் வழவழப்பாக இருக்கும். 4 எக்ஸ் லென்ஸில் இது வெறும் புள்ளி. 10 எக்ஸில் வடிவம் தெரியும். முள் பக்கமும் வழவழப்புப் பக்கமும் பிரிந்து தெரிய 40/0.65 வேண்டும். பெயரிலேயே அடையாளம் இருப்பதால் பார்த்த உடன் சொல்லிவிடலாம். இந்த வேலைக்கு 100 எக்ஸ் தேவையே இல்லை.

அந்தச் சின்ன வித்துதான் இலங்கையில் காபித் தோட்டங்களை அழித்து, அங்கே தேயிலை வரக் காரணமானது. 1880 முதல் 1882 வரை அங்கே தங்கி அதன் வாழ்க்கைச் சுற்றை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தவர் மார்ஷல் வார்டு. ஆகவே மலைத் தோட்டக்காரருக்கு மைக்ராஸ்கோப் ஒன்றும் புதிய கருவி அல்ல.

"2000 எக்ஸ்" விளம்பரம் உண்மையா?

என்.ஏ.யை 500-ஆலும் 1000-ஆலும் பெருக்குங்கள். கிடைக்கும் இரண்டு எண்களுக்கு இடைப்பட்டதுதான் பயனுள்ள உருப்பெருக்கம். 0.65 என்றால் 325 முதல் 650 வரை. ஆகவே 40 லென்ஸோடு 10 எக்ஸ் ஐபீஸ் வைத்து 400 மடங்கு பார்ப்பது சரி. அதே லென்ஸில் 25 எக்ஸ் ஐபீஸ் போட்டால் 1000 மடங்கு வரும். ஆனால் புதிதாக எதுவும் தெரியாது. சின்ன ஜேபெக் படத்தை போட்டோஷாப்பில் இழுத்துப் பெரிதாக்குவது போலத்தான். நல்ல 100/1.25 லென்ஸுக்கே எல்லை 1250 மடங்குதான். என்.ஏ. எவ்வளவு என்று சொல்லாமல் எக்ஸ் எவ்வளவு என்று மட்டும் சொல்லும் விளம்பரத்தைக் கண்டால் தள்ளி நில்லுங்கள்.

மூன்றாவது எண்: 160-ஆ, படுத்த எட்டா?

பொருந்துமா பொருந்தாதா என்ற கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

160 என்பது மில்லிமீட்டரில் டியூபின் நீளம். அப்ஜெக்டிவ் திருகும் இடத்திலிருந்து ஐபீஸ் உட்காரும் விளிம்பு வரை 160 மி.மீ. இருக்கும் மைக்ராஸ்கோப்புக்காக அந்த லென்ஸ் செய்யப்பட்டது என்று அர்த்தம். இதில் லென்ஸே நேராகப் பிம்பத்தை உருவாக்கிவிடும். ஹரியானாவில் உள்ள அம்பாலாவில் செய்யப்பட்டு நம் பள்ளிகளுக்கு வரும் மாணவர் மைக்ராஸ்கோப்புகளில் இந்த வகையை அதிகம் பார்க்கலாம். பழைய லெயிட்ஸ் கருவிகளில் 170 என்று இருக்கும். உலோகத்தைப் பார்க்கும் கருவிகளில் 210 என்றும் இருப்பதுண்டு.

160-க்குப் பதில் ∞ என்ற குறி, அதாவது படுத்த எட்டு, இருந்தால் அது இன்பினிட்டி லென்ஸ். இது தானாகப் பிம்பம் உருவாக்காது. ஒளியை இணையான கதிர்களாக மேலே அனுப்பும். மைக்ராஸ்கோப்பின் உடம்புக்குள் டியூப் லென்ஸ் என்ற இன்னொரு லென்ஸ் இருந்து அதைப் பிம்பமாக்கும். இன்றைய உயர்தரக் கருவிகள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான்.

இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? மரை ஒன்றாக இருந்தால் லென்ஸ் திருகிக்கொள்ளும். ஏதோ ஒரு படமும் தெரியும். 4, 10 போன்ற சிறிய லென்ஸில் வித்தியாசம் அதிகம் தெரியாது. 40-ல் படம் பனி மூடியது போல இருக்கும். எவ்வளவு போகஸ் செய்தாலும் கூர்மை வராது. எழுதியிருக்கும் உருப்பெருக்கமும் மாறிவிடும்.

எங்கள் ஊரில் காபி போட்டிருக்கும் ஒருவருக்கு இதுதான் நடந்தது. அவருடைய 160 மி.மீ. மைக்ராஸ்கோப்பில் 40 லென்ஸ் உடைந்துவிட்டது. ஒரு கடையில் "எல்லாத்துக்கும் சேரும்" என்று சொல்லிப் புதிதாக ஒன்றைக் கொடுத்தார்கள். படம் சரியில்லை என்றதும் கேமரா டிரைவர் பிரச்சினை என்று நினைத்து லேப்டாப்போடு என்னிடம் வந்தார். "தம்பி, விண்டோஸைத் திரும்பப் போட்டுப் பாக்கலாமா?" என்றார். "அண்ணே, விண்டோஸ் கிடக்கட்டும், லென்ஸைக் கழட்டுங்க" என்றேன். அதில் 160 இருக்க வேண்டிய இடத்தில் ∞ இருந்தது. 160/0.17 என்று எழுதிய லென்ஸ் ஒன்றை வாங்கிப் போட்ட பிறகு அதே கேமராவில், அதே விண்டோஸில் முள் முள்ளாக வித்து தெரிந்தது.

நான்காவது எண்: கவர் ஸ்லிப்

0.17 என்பது ஸ்லைடின் மேல் வைக்கும் மெல்லிய கண்ணாடியின் தடிமன், மில்லிமீட்டரில். லென்ஸைக் கணக்குப் போட்டவர்கள் இந்தக் கண்ணாடியையும் ஒரு லென்ஸாகச் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம்பர் ஒன்றரை என்று கேட்டு வாங்கினால் சரியான தடிமன் கிடைக்கும். நம்பர் 1 கொஞ்சம் மெல்லியது.

இந்த இடத்தில் வரக்கூடிய குறிகள் மூன்று.

0.17: கவர் ஸ்லிப் கட்டாயம்.
0: கவர் ஸ்லிப் இருக்கக் கூடாது. உலோகம், ஐசி சிப் போன்றவற்றைப் பார்க்கும் லென்ஸ்.
சிறு கோடு (-): இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 4, 10 போன்ற சிறிய லென்ஸ்களில் காணலாம்.

40/0.65 லென்ஸில் கவர் ஸ்லிப் போடாமல் பார்த்தால் படம் மங்கும். இரத்தம் தடவிக் காயவைத்த ஸ்லைடை 40-ல் பார்க்கும்போது மங்கலாக இருக்கிறதே என்பவர்களுக்கு இதுவே பதில். அதே ஸ்லைடை 100 ஆயில் லென்ஸில் பார்த்தால் தெளிவாக இருக்கும். காரணம், எண்ணெயும் கண்ணாடியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில், அதாவது 1.515 என்ற அளவில் வளைக்கின்றன. கண்ணாடி இல்லாத இடத்தை எண்ணெயே நிரப்பிவிடும். இதற்கென்று விற்கும் இம்மர்ஷன் ஆயிலை மட்டும் பயன்படுத்துங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 40 லென்ஸில் எந்த எண்ணெயும் படக் கூடாது.

மற்ற எழுத்துகள்

பிளான் அல்லது பிஎல்: படம் ஓரம் வரை தட்டையாக, ஒரே போகஸில் தெரியும். கேமராவில் படம் எடுப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் இதையே வாங்கலாம்.

அக்ரோ: சாதாரண வகை. இரண்டு நிறங்களுக்குத் திருத்தம் செய்யப்பட்டது. எதுவும் எழுதவில்லை என்றாலும் இதுதான். ஃப்ளோர் என்பது இதைவிட மேல். அபோ என்பது எல்லாவற்றிலும் மேல், விலையும் அப்படியே.

ஆயில், ஓஇஎல், எச்ஐ: எல்லாம் எண்ணெய் லென்ஸ்தான். ஓஇஎல் என்பது ஜெர்மன் மொழியில் எண்ணெய்.

பிஎச்1, பிஎச்2: ஃபேஸ் கான்ட்ராஸ்ட் லென்ஸ். பெரும்பாலும் பச்சை எழுத்தில் இருக்கும். உள்ளே ஒரு வளையம் பதிக்கப்பட்டிருக்கும். இதற்குப் பொருத்தமான கண்டென்சர் உங்களிடம் இல்லை என்றால் கூடுதல் விலை வீண். சாதாரண வெளிச்சத்திலும் வேலை செய்யும், ஆனால் கான்ட்ராஸ்ட் சற்றுக் குறையும்.

எல்டபிள்யூடி: லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையே தூரம் அதிகம். சாதாரண 40 லென்ஸ் பொருளுக்கு மேல் அரை மில்லிமீட்டர் அளவில்தான் நிற்கும். 100 லென்ஸ் அதைவிடவும் நெருங்கும்.

பிடி: பிரைட் பீல்ட், டார்க் பீல்ட் இரண்டுக்குமான உலோக ஆய்வு லென்ஸ். தடிமனாக இருக்கும். மாணவர் மைக்ராஸ்கோப்பில் மரையே சேராது.

மரை சேருமா?

1858-ல் லண்டன் மைக்ராஸ்கோப் சங்கம் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான ஒரு மரையை நிர்ணயித்தது. 1866-ல் அது ராயல் மைக்ராஸ்கோபிகல் சொசைட்டி ஆனது. அதனால் இதற்கு ஆர்எம்எஸ் மரை என்று பெயர். விட்டம் 0.8 அங்குலம், அதாவது 20.32 மி.மீ. அங்குலத்துக்கு 36 சுற்று. நூற்றைம்பது வருடம் தாண்டியும் இந்த அளவு மாறவில்லை. கம்ப்யூட்டர் உலகில் இவ்வளவு ஆயுள் உள்ள ஒரு கனெக்டரைக் காட்டுங்கள் பார்க்கலாம்!

ஆனால் எல்லா லென்ஸும் ஆர்எம்எஸ் அல்ல. நிக்கானின் இன்பினிட்டி லென்ஸ்கள் 25 மி.மீ. மரை. சைஸின் புதிய லென்ஸ்கள் பல 27 மி.மீ. பிடி வகையில் 26 மி.மீ. வரும். பெரிய துளையில் சிறிய லென்ஸைப் போட வளையம் கிடைக்கிறது. சிறிய துளையில் பெரிய லென்ஸைப் போட வழியில்லை. ஒரு சாதாரண ஸ்கேலை வைத்து மரையின் வெளிவிட்டத்தை அளந்தாலே 20-ஆ, 25-ஆ என்று தெரிந்துவிடும்.

எழுதப்படாத ஓர் அளவு: 45 மி.மீ.

லென்ஸில் எழுதியிருக்காது, ஆனால் ஸ்லைடை உடைப்பது இதுதான். 10 லென்ஸில் போகஸ் செய்துவிட்டு 40-க்குத் திருப்பினால் அதுவும் ஏறக்குறைய போகஸிலேயே இருக்க வேண்டும். இதற்காக லென்ஸின் தோள்பட்டையிலிருந்து பொருள் வரை உள்ள தூரத்தை எல்லா லென்ஸுக்கும் ஒன்றாக வைக்கிறார்கள். டின் என்ற ஜெர்மன் தரத்தில் இது 45 மி.மீ. ஜிஸ் என்ற பழைய ஜப்பான் தரத்தில் 36 மி.மீ. நிக்கானின் இன்பினிட்டி வகையில் 60 மி.மீ.

இரண்டுக்கும் மரை ஒன்றே என்பதால் 36-ம் 45-ம் ஒரே தலையில் திருகிக்கொள்ளும். 36 மி.மீ. லென்ஸில் போகஸ் செய்துவிட்டு 45-க்குத் திருப்பினால் 9 மி.மீ. நீளம் கூடுதலான லென்ஸ் நேராக வந்து ஸ்லைடில் மோதும். கவர் ஸ்லிப் உடையும். கூடவே லென்ஸின் முனையும் கீறும். ஆகவே ஒரு லென்ஸ் மட்டும் மாற்றுவதாக இருந்தால் பழைய லென்ஸையும் கடைக்குக் கொண்டுபோங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், அதே எக்ஸ் உள்ள லென்ஸ்கள் ஏறக்குறைய ஒரே உயரம் இருக்க வேண்டும்.

∞ என்றால் எல்லா ∞-ம் ஒன்றா?

இல்லை. உள்ளே இருக்கும் டியூப் லென்ஸின் குவிய தூரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒலிம்பஸ் 180 மி.மீ., நிக்கானும் லைகாவும் 200 மி.மீ., சைஸ் ஏறக்குறைய 165 மி.மீ. ஒலிம்பஸின் 40 லென்ஸை நிக்கான் உடம்பில் வைத்தால் 40×200÷180, அதாவது 44.4 மடங்கு ஆகிவிடும். அளவு எடுக்கும் வேலைக்கு இது முக்கியம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நிறத் திருத்தத்தைச் சில கம்பெனிகள் லென்ஸிலேயே முடித்துவிடும். சில கம்பெனிகள் ஒரு பகுதியை டியூப் லென்ஸுக்கோ ஐபீஸுக்கோ விட்டுவைக்கும். பழைய 160 மி.மீ. ஒலிம்பஸ், சைஸ் லென்ஸ்கள் இப்படித்தான். அவற்றுக்கு அதே கம்பெனியின் ஐபீஸ் வேண்டும். நிக்கான் 1976-ல் கொண்டுவந்த சிஎஃப் வரிசையில் திருத்தம் முழுவதும் லென்ஸிலேயே உண்டு. ஐபீஸை எடுத்துவிட்டுக் கேமராவை நேராக வைக்கும்போது படத்தின் ஓரத்தில் சிவப்பு, நீலக் கோடுகள் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கேமரா: மெகாபிக்சல் மயக்கம்

மாணவர் மைக்ராஸ்கோப்பில் ஐபீஸ் குழாயின் உள் அளவு 23.2 மி.மீ. பெரிய கருவிகளில் 30 மி.மீ. யுஎஸ்பி ஐபீஸ் கேமரா பொதுவாக 23.2-க்கு வரும், 30-க்கு வளையம் தருவார்கள். மேலே தனியாகக் கேமரா துளை இருந்தால் அது பெரும்பாலும் சி-மவுண்ட், ஓர் அங்குல மரை.

எத்தனை மெகாபிக்சல் வேண்டும்? கணக்குப் போட்டுவிடலாம். 5 மெகாபிக்சல் கேமரா ஒன்று. 2592×1944 பிக்சல், ஒரு பிக்சல் 2.2 மைக்ரான். இதன் முன்னால் 0.5 எக்ஸ் குறைப்பு லென்ஸ் இருக்கிறது. 40 அப்ஜெக்டிவோடு சேர்ந்தால் மொத்தம் 20 மடங்கு. ஆகவே ஒரு பிக்சல் ஸ்லைடில் 2.2÷20, அதாவது 0.11 மைக்ரானைப் பிடிக்கிறது. 40/0.65 லென்ஸால் பிரித்துக் காட்ட முடிந்ததே 0.5 மைக்ரான்தான். அந்தத் தூரத்துக்கு இரண்டு பிக்சல் போதும். நமக்கு நான்குக்கு மேல் இருக்கிறது. 20 மெகாபிக்சல் கேமரா வாங்கினால் பைல் பெரிதாகும், லேப்டாப் திணறும், படத்தில் புது விவரம் எதுவும் வராது. கேமராவுக்கு வைத்த பணத்தில் பாதியை நல்ல பிளான் லென்ஸுக்குக் கொடுங்கள்.

மானிட்டரில் தெரியும் உருப்பெருக்கமும் ஒரு மாயைதான். மேலே சொன்ன கேமராவில் 40 லென்ஸில் தெரியும் பகுதியின் அகலம் 0.285 மி.மீ. அதை மானிட்டரில் 40 செ.மீ. அகலத்துக்குக் காட்டினால் சுமார் 1400 மடங்கு! டிவியில் போட்டால் இன்னும் கூடும். லென்ஸ் என்னவோ அதே லென்ஸ்தான்.

சரியான அளவு எடுப்பது எப்படி?

எத்தனை மடங்கு என்று யோசிப்பதை விட்டுவிட்டு ஒரு பிக்சலுக்கு எத்தனை மைக்ரான் என்று கண்டுபிடித்து வையுங்கள். இதற்கு ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்ற ஸ்லைடு வேண்டும். அதில் ஒரு மில்லிமீட்டரை 100 பாகமாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பாகம் 10 மைக்ரான். சாப்ட்வேருக்குப் பணம் தேவையில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவான இமேஜ்ஜே இலவசம்.

1. மைக்ரோமீட்டர் ஸ்லைடை 40 லென்ஸில் போகஸ் செய்து படம் எடுங்கள்.
2. இமேஜ்ஜேயில் படத்தைத் திறந்து, நேர்கோடு டூலை எடுங்கள்.
3. பத்து பாகத்துக்குக் கோடு இழுங்கள். இது 100 மைக்ரான்.
4. அனலைஸ் மெனுவில் செட் ஸ்கேல் போங்கள். நோன் டிஸ்டன்ஸ் என்ற இடத்தில் 100 கொடுங்கள். யூனிட்டில் மைக்ரான் என்று கொடுங்கள்.
5. குளோபல் என்பதை டிக் செய்து ஓகே கொடுங்கள்.

நம் கேமராவில் 100 மைக்ரானுக்குச் சுமார் 909 பிக்சல் வர வேண்டும். 30 மைக்ரான் வித்து சுமார் 273 பிக்சல் நீளம் இருக்கும். வரும் எண் இதிலிருந்து வெகுதூரம் விலகினால் லென்ஸும் டியூபும் பொருந்தவில்லை என்றோ, குறைப்பு லென்ஸ் 0.5 அல்ல என்றோ அர்த்தம். பொருத்தத்தைச் சோதிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஒவ்வொரு அப்ஜெக்டிவுக்கும் தனித்தனியாக இதைச் செய்து எண்ணை எழுதி வையுங்கள். கேமராவில் ரெசல்யூஷனை மாற்றினால் இந்த எண்ணும் மாறும் என்பதை மறக்காதீர்கள்.

பழைய லென்ஸ் வாங்குகிறீர்களா?

முதலில் பின்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய நூல்கள் தெரிந்தால் பூஞ்சை. கொல்லிமலை, ஊட்டி, கொடைக்கானல் போன்ற பனி மூடும் ஊர்களில் லென்ஸுக்கு முதல் எதிரி இதுதான். லென்ஸின் முனையில் கீறல், பழைய எண்ணெய் காய்ந்த படலம் இருக்கிறதா என்று ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி போல வைத்துப் பாருங்கள். 40, 100 லென்ஸ்களின் முனையை மெதுவாக அழுத்தினால் ஸ்பிரிங் உள்ளே போய்த் திரும்ப வர வேண்டும். வாங்கிய பிறகு சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை:

1. என் மைக்ராஸ்கோப் 160-ஆ, ∞-யா? ∞ என்றால் எந்தக் கம்பெனி?
2. மரை 20 மி.மீ.யா, 25-ஆ?
3. உயரம் 45 மி.மீ.யா, 36-ஆ?
4. நான் பார்க்கப்போகும் ஸ்லைடில் கவர் ஸ்லிப் உண்டா?
5. எனக்குத் தெரிய வேண்டிய மிகச் சிறிய பொருள் எத்தனை மைக்ரான்? அதற்கு எந்த என்.ஏ. போதும்?
6. ஐபீஸ் குழாய் 23.2-ஆ, 30-ஆ?

இந்த ஆறுக்கும் பதில் எழுதிய தாள் கையில் இருந்தால், "எல்லாத்துக்கும் சேரும்" என்று யார் சொன்னாலும் லென்ஸை வாங்கி, திருப்பி, எழுத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவு சொல்லலாம்.